முந்நூறு தட்டுகளில் ஒன்று

பெலிக்ஸுக்குத் தொழில் மைக்செட். திண்டுக்கல்லைச் சுற்றித் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவன் ஸ்பீக்கர்தான் கத்தும். மிச்ச நேரத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் ஆட்ட இசை செய்துகொண்டிருப்பான். டும் டும் என்று ஒரே சத்தம். எனக்குத் தலைவலிதான் வரும். அடுத்த வீட்டுக்காரனாகப் போய்விட்டான், என்ன செய்ய?

மைக்கைச் சரிபார்ப்பது அவன் மனைவி ரூபியின் வேலை. சாணார்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவில் அவள், "ஒன்னு, ரெண்டு... ஏங்க, அங்கிட்டு கேக்குதா?" என்றதைப் பதிவுசெய்து ஒரு இசையில் சேர்த்தான். அதை ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனிக்கு அனுப்ப, அவர்கள் இசைத்தட்டாகப் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். முந்நூறு தட்டு மட்டும், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். ரூபி நம்பவே இல்லை. "வரட்டும், பாப்போம்" என்றாள்.

தட்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். மஞ்சள் காமாலை, பத்தே நாள்.

அதற்குப் பிறகுதான் பெலிக்ஸுக்கு உறைத்தது. அவள் குரல் வீட்டில் எங்கேயும் இல்லை. போனில் பேசி அனுப்ப அவளுக்குக் கூச்சம். கல்யாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். லேப்டாப்பும் பழுதாகிக் கிடந்தது. தபாலில் வந்த அந்த ஒரு தட்டைத்தான், போட்டுக் கேட்கப் பிளேயர் இல்லாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தான். பார்க்கவே சகிக்கவில்லை.

ரேடியோ ரிப்பேர்க்காரர் அப்துல் ஹக்கீம் தன்னிடமிருந்த பழைய பிளேயருக்கு ஊசி மாற்றிக் கொடுத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் ரூபியின் அம்மா செபஸ்தியம்மாள் நத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"எம்மவ பேசுறத ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன் மாப்பிள்ள."

நானும் கூட இருந்தேன். தட்டு சுழன்றது. டும் டும். நடுநடுவே ஏதோ குருவி கத்துவது போலக் கீச்சிட்டது. பெலிக்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்டத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அவனேதான் அந்தக் குரலை நறுக்கி, வேகம் ஏற்றி, யாருடையது என்றே தெரியாமல் ஆக்கியிருந்தான். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்ததில், அது ரூபியாகவே அவன் காதில் நின்றுவிட்டது. அசல் பதிவை, இடத்தை அடைக்கிறதென்று அப்போதே அழித்தாயிற்று.

செபஸ்தியம்மாள் ஸ்பீக்கரில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஊசி கடைசிக்கு வந்து நின்றது.

"ரூபி இன்னும் பேசலையே மாப்பிள்ள?"

"அடுத்த பக்கத்துல பேசுவா அத்த" என்று பெலிக்ஸ் தட்டைத் திருப்பிப் போட்டான்.

அந்தப் பக்கத்தில் குரலே கிடையாது என்பது, அவன் முன்பே சொல்லியிருந்ததால், எனக்கும் தெரியும். அந்த அம்மா மறுபடியும் காதை ஒட்டிக்கொண்டார்.