ரொட்டி வேனில் இருந்த கம்பி

2009-ஆம் வருடம், பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வீராணம் ஏரிக்கரையில், லால்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் வேனில் இருந்த சாமான்களை எல்லாம் மண்ணில் பரப்பி வைத்துவிட்டு நான் தலைகுனிந்து நின்றேன். அந்தச் சாயங்காலத்தைச் சொல்வதற்கு முன், அந்த வேன் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிதம்பரத்தில். நான் கடலூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவனாக வேலை பார்த்தேன். கட்டடம், வாய்க்கால், மதகு என்று எதைச் சொன்னாலும் அளவு பிசகாமல் வரைந்து கொடுப்பேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. என் மனைவி பள்ளியில் புவியியல் டீச்சர். இருபது வருடம் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் காவிரியை வரைந்தவள். தலைக்காவிரியில் தொடங்கி பூம்புகாரில் முடிப்பாள், ஒரு வளைவு தப்பாது. ஆனால் திருச்சிக்கு மேற்கே அந்த ஆற்றை அவள் பார்த்ததே இல்லை.

2007-இல் அவளுக்குக் கடைசி பெஞ்சு பிள்ளைகளைத் தெரியவில்லை என்று ஆரம்பித்தது. அப்புறம் சாயங்காலமானால் வாசற்படி தெரியவில்லை. பாண்டிச்சேரியில் கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது, நடுவில் இருப்பது மட்டும் கொஞ்ச காலம் தெரியும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவள் அழவில்லை. கடலூர் தாண்டியதும் மெதுவாக, "தெரியறப்பவே காவேரிய ஒரு தடவ முழுசா பாத்துடணுங்க" என்றாள்.

முதலில் திருச்சிக்குப் போய் லாட்ஜில் ரூம் போட்டோம். பழக்கமில்லாத பாத்ரூம், பழக்கமில்லாத படி. முதல் நாளே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அந்தப் பயணம் அத்தோடு சரி. ஊருக்கு ஊர் ரூம் மாறினால் இவளால் முடியாது என்பது புரிந்தது. அப்போதுதான் பெங்களூரில் இருந்த எங்கள் மகள், வெளிநாட்டில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று படங்கள் அனுப்பினாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பிரிண்ட் எடுத்தேன். கரண்டும் லாட்ஜும் இல்லாத ஆற்றங்கரையில்கூடத் தங்கலாம். எங்கே நின்றாலும் கட்டில், அடுப்பு, தண்ணீர் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்று வண்டி பார்த்தோம். ஒன்று பழைய ஆம்புலன்ஸ். இஞ்சின் பிரமாதம், ஆனால் தெருவில் நிறுத்தினால் யாருக்கு என்ன ஆச்சு என்று அக்கம்பக்கம் ஓடிவரும். இன்னொன்று ஸ்கூல் வேன், கூரை தாழ்வு. மூன்றாவது, பாண்டிச்சேரியில் ஒரு பேக்கரிக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த வேன். நான் குனிந்து டயரையும் ஸ்பிரிங் பட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் உள்ளே ஏறி, ஒரு கோடியில் இருந்து இன்னொரு கோடிக்கு நடந்தாள். ரொட்டித் தட்டுகள் சரியாமல் இருக்க, இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் நீளமாகக் கட்டைவிரல் தடிமனில் இரும்புக் கம்பி பற்றவைத்திருந்தார்கள். அதைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து, "இதையே எடுத்துடலாம், நல்லா இருக்கு" என்றாள். பன் வாசனை பிடித்துப்போய்விட்டது போல என்று நான் கேலி செய்தேன். ஏன் நல்லா இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன். டிரேசிங் பேப்பரில் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், பக்கவாட்டில் எப்படி என்று எட்டு வரைபடம் போட்டேன். கூரையில் சோலார் பேனல், கீழே இரண்டு லாரி பேட்டரி, இன்வெர்ட்டர், இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பிளைவுட் அலமாரிகள், மடக்குக் கட்டில், கை கழுவத் தொட்டி. இட்லி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்பதால் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வேறு. இவள் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள். "நீ சும்மா இரு, உனக்காகத்தான் எல்லாம் செய்யறேன்" என்று வாயை அடைத்தேன்.

வேலையைச் செய்தது தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு கட்டும் என் பள்ளிக்கூட சிநேகிதன். சுனாமியில் பட்டறையே போய், மறுபடி நிமிர்ந்தவன். அவனிடம் என் வரைபடத்தை விரித்து, அலமாரி சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அதனால் அந்த இரண்டு கம்பியையும் அறுத்துவிடு என்றேன். அவன் கட்டிங் மெஷினை கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"கைப்பிடி எதுனா வேணாமா மச்சான்? படகுல நாங்க புடிக்க ஒண்ணு வுடாம கட்ட மாட்டோம்."

"இது என்ன அலையிலயா ஆடப் போவுது? அறு" என்றேன்.

அறுத்தான். பெயின்ட் அடித்து முடித்ததும் என் வரைபடம் அப்படியே உயிரோடு நிற்பது போல இருந்தது. நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினேன். வெயில் ஏறினால் மட்டும், எத்தனை பெயின்ட் அடித்தும் எங்கிருந்தோ பன் வாசனை வரும்.

பெரிய பயணத்துக்கு முன் ஒருநாள் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றுதான் வீராணம் போனோம். காட்டுமன்னார்கோயில் வழியாகப் போய், கரை மேல் ரோட்டில் இருந்து ஏரிப் பக்கம் இறங்கும் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தினேன். ஏரி நிறைய தண்ணீர். இவள் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, துண்டு துண்டாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் நன்றாகவே போனது.

பொழுது சாய்ந்ததும் டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். நான் வெளியே நின்று, நாளைக்குப் பேனலை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே லைட் போடவில்லை. லைட் சுவிட்சை நான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், ஒயர் மிச்சமாகும் என்று. பொத்தென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மடக்குக் கட்டிலின் கால் இடறி, அலமாரி முனையில் மோதி விழுந்து கிடக்கிறாள். புருவத்துக்கு மேல் ரத்தம்.

அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். டாக்டரிடம் போய்விடலாம் என்று வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டேன். அத்தனை பாரத்தோடு ஈரச் சரிவில் வண்டி எங்கே ஏறும்? பின் சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றிச் சுற்றி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

கரை மேல் ஸ்கூட்டரில் போன ஒரு தம்பதி இதைப் பார்த்து நிறுத்தினார்கள். லால்பேட்டை பாய், நாற்பது வயது இருக்கும், கூட அவர் மனைவி. யார் எவர் என்று கேட்காமல் அந்த அம்மா இறங்கி வந்து, இவளைக் கரையோரக் கல்லில் உட்காரவைத்துக் காயத்தைக் கழுவி, தன் கைக்குட்டையை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க லாத்தா, மேலாக்கதான் கிழிச்சிருக்கு. தையல் வேண்டி இருக்காது" என்றார். அவர்கள் வழக்கத்தில் லாத்தா என்றால் அக்கா என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரத்தம் நின்றது. பாய் போன் போட்டு, அறுவடைக்கு வந்திருந்த ஒரு டிராக்டரை வரவழைத்தார்.

டிராக்டர்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இதை இப்படியே இழுத்தால் அச்சு முறிந்துவிடும், எல்லாத்தையும் எறக்குங்க என்றார். பாரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் அவசரமாகத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். இருநூறு லிட்டரும் நேராகச் சக்கரத்தடியில் போய்ச் சேறு இரண்டு மடங்கானது.

"சார், அத ஒரு பக்கெட்ல புடிச்சி ஊத்தியிருக்கலாமே" என்றார் பாய், சிரிக்காமல். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டிராக்டர் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினோம். பேட்டரி, இன்வெர்ட்டர், அலமாரி, கட்டில், கிரைண்டர். பாய் சட்டையெல்லாம் சேறு. ஊர்ப்பட்ட சாமான் மண்ணில் வரிசையாகக் கிடந்தது. கல்லில் உட்கார்ந்திருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"போதுங்க. நான் வரல. நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. யாருக்காக இத்தனையும் செய்தேனோ, அவளே வரவில்லை என்கிறாள்.

காலி வண்டியை டிராக்டர் இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிட்டது. குளிர் காற்று அடித்ததால், உள்ளே உட்காரலாம் என்று பாயின் மனைவி இவளைக் கைப்பிடித்து ஏற்றினார். காலியான வேனுக்குள் இவள் நின்று, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டித் துழாவினாள். அப்புறம் இடது கையை. வெறும் தகரம்தான் தட்டுப்பட்டது.

"இங்க ஒரு கம்பி இருந்திச்சே, எங்கங்க?" என்றாள்.

அறுத்துவிட்டேன் என்றேன்.

"அத புடிச்சிக்கிட்டு கோடிக்கு கோடி நானே போனேன், யாரும் புடிக்காம. அதுக்குத்தான இந்த வண்டிய எடுக்கச் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு வரைபடம் போட்டவன் நான். எல்லாம் வெளியே இருந்து பார்த்தது. அதில் அடுப்பு இருந்தது, பேட்டரி இருந்தது, என் இட்லிகூட இருந்தது. அவள் கை எங்கே போகும் என்று ஒன்றிலும் இல்லை.

"திரும்ப வெச்சிடறேன். நீ சொல்ற எடத்துல வெக்கிறேன். வர மாட்டேன்னு மட்டும் சொல்லாத" என்றேன். மூன்று பேர் முன்னால் கண் கலங்கியதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை.

அவள் தகரத்தில் இருந்து கையை எடுத்தாள். பிறகு இறங்கி வந்து, தரையில் கிடந்த சாமான்களைப் பாயின் மனைவி ஒவ்வொன்றாகக் கையில் தொட்டுக் காட்ட, இது வேணும், இது வேணாம் என்று பிரித்தாள். சின்ன அடுப்பு, ஒரு பேட்டரி, ஒரு லைட், இரண்டு தண்ணீர் கேன், படுக்கை, நாலு பாத்திரம். அவ்வளவுதான் வண்டியில் ஏறியது. மற்றதெல்லாம் டிராக்டரில் பாய் வீட்டுக்குப் போய், நான் பிறகு எடுத்துவந்தேன். கிரைண்டரை மட்டும் எடுக்கவில்லை. அது அந்த அம்மாவுக்கென்று இவள் சொல்லிவிட்டாள். அந்த வருடம் ரம்ஜானுக்கு லால்பேட்டையில் இருந்து ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வந்தது.

மறுவாரம் அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியை தேவனாம்பட்டினத்துக்கு ஓட்டிப்போனேன். சிநேகிதனிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைக் கேலி செய்ய அவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் அவன் நேராகப் பட்டறைப் பின்பக்கம் போனான். நான் அறுக்கச் சொன்ன கம்பிகளைத் துணி காயப்போடக் கட்டியிருந்தான். ஒன்றில் அவன் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கம்பியையும் அவிழ்த்துத் தூக்கி வந்தான்.

"தங்கச்சிய வண்டியில ஏறி நிக்கச் சொல்லு மச்சான். அவுங்க கை எங்க வருதோ அங்க வெக்கிறேன்."

அவள் நின்றாள். அவன் சாக்பீஸால் குறி போட்டான். நாங்க இருட்டில் கடலுக்குப் போறவங்க, எந்தச் சாமானும் கை பழகின இடத்தில்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டே, அடுப்பு, தண்ணீர், சுவிட்சு எல்லாவற்றுக்கும் அவளையே கை நீட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டான். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் வேலை அவ்வளவுதான்.

மாசி மாதம் கிளம்பினோம். பூம்புகாரில் தொடங்கி, ஆற்றை விடாமல் மேலே மேலே. மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கல்லணையில், மேட்டூரில், ஒகேனக்கல்லில் அவள் தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்து, மனதுக்குள் ஒட்டவைத்துக்கொண்டாள். விடியற்காலையில் அவள் தானே எழுந்து, கம்பியைப் பிடித்து நடந்து, டீ போட்டு, என்னை எழுப்புவாள். கடைசியில் தலைக்காவிரி. அங்கே ஆறு இல்லை, சின்னதாக ஒரு சதுரத் தொட்டிதான். அதன் முன் நின்று வெகுநேரம் தலையைத் திருப்பாமல் பார்த்தாள்.

"ஏங்க, இது முழுசும் ஒரே தடவையில தெரியுது" என்றாள்.

2012-இல் அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. வேனும் இப்போது ஓடாது, கொல்லைப்புறத்தில் டயர் இறங்கி நிற்கிறது. வாங்க வந்தவர்களிடம் அவள் விற்க மாட்டேன் என்றுவிட்டாள். தினமும் சாயங்காலம் அதில் ஏறிக் கம்பியைப் பிடித்து நடந்து, யார் உதவியும் இல்லாமல் இரண்டு பேருக்கு டீ போடுகிறாள். வெயில் நாளில் இன்னும் பன் வாசனை வருகிறது. நான் வாசலில் உட்கார்ந்து அந்த டம்ளரை வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கென்று எதையாவது செய்யத் தோன்றும்போதெல்லாம் இப்போது நான் முதலில் பென்சிலை எடுப்பதில்லை, அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.