இறக்கி வைத்த வாளிகள்

பிறர் தூக்கி வந்த பாரத்தை எடைபோட்டே பிழைத்தவன் நான். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. விடியலில் மரம் சீவப் போகும் ஆட்கள், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் மாட்டி, தோளில் சுமந்து பதினொரு மணிவாக்கில் கொட்டகைக்கு வருவார்கள். நான் ஒவ்வொரு வாளியாகத் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்ப்பேன். பால் தளும்பாமல் இருக்கப் பெண்கள் அதில் ஓர் அகலமான இலையை மிதக்க விட்டிருந்தால், அழுக்கு என்று சொல்லி எடுத்தெறிந்துவிட்டுத் திட்டுவேன். எட்டு வருடம் இதே வேலை. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. தூக்கியவர்களுக்கு எவ்வளவு அலுத்திருக்கும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

தூக்கியவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

காய்ச்சலில் ஒரே மாதத்தில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பால் வெட்டியே என்னை ஈப்போவில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தவள். படித்துவிட்டு அதே தோட்டத்துக்குக் கிராணியாக வந்து சேர்ந்தேன். அவள் புருஷனோடு ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தாள், எனக்குத் தனி வீடு கொடுத்தார்கள். ரப்பர் காட்டில் ஆட்களுக்கு முன்னால் அவள் என்னை "ஐயா" என்பாள். கூடாதென்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் அக்காவுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. "இது ஒண்ணு தங்கிட்டா போதும் தம்பி, வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள். ஆயாக் கொட்டகையில், பால்வெட்டுக்காரப் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஆள் தேவைப்பட்டது. தன்னை அங்கே மாற்றச் சொல்லி, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள். பேசுகிறேன் என்றேன். துரை நல்ல முகமாக இருக்கும் நாளாகப் பார்த்தேன். அப்படி ஒரு நாள் வரவே இல்லை. வந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. துரை என்றால் அவ்வளவு பயம்.

பயத்தை மறக்க நான் படித்தேன். மாதம் ஒரு தடவை ஈப்போவுக்கு ரயில் ஏறிப் போனால், பழைய காகிதக் கடையில் இங்கிலீஷ் சஞ்சிகைகளைக் கட்டாக அள்ளி வருவேன். அப்படி வந்த ஒன்றில், கனம் என்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு கட்டுரை இருந்தது. நாளெல்லாம் கனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அதை விடுவேனா? பென்சிலும் கையுமாக நாலு தடவை படித்தேன்.

அதில் சொல்லியிருந்தது இதுதான். அணுவுக்குள் இருக்கும் மின் துகளுக்குச் சொந்தமாகக் கனமே இல்லாமல் இருக்கலாம். அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மின்புலம் பரவிக் கிடக்கிறது. துகளை நகர்த்தப் பார்த்தால் அந்தப் புலமும் கூடவே இழுபட வேண்டியிருக்கிறது, அது முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டைத்தான் நாம் கனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்வரை புலம் தடுப்பதில்லை. கிளப்பும்போதும் நிறுத்தும்போதும்தான் எதிர்க்கிறது. கடைசிப் பக்கத்தில் இன்னும் துணிந்திருந்தார்கள். வெற்றிடம் வெறுமையாக இல்லை, சதா அதிர்ந்துகொண்டிருக்கிறது, பூமி நம்மை இழுப்பதும் அந்த அதிர்விலிருந்தே பிறக்கலாம் என்று. எல்லாம் யூகம்தான், நிரூபிக்க வழி தெரியவில்லை என்று எழுதியவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துக்குப் போய் இதை அக்காவிடம் சொன்னேன். துரையிடம் பேசினாயா என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், போனதும் போகாததுமாக ஆரம்பித்துவிட்டேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மழ நாள்ல மலக்காட்டுல நடந்தா கால்ல மண்ணு அப்பிக்கும். காலு கனக்கும். ஆனா அது காலோட கனம் இல்ல. அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா."

"அப்பறம் என்னமோ கெளப்புறப்ப, நிறுத்துறப்பன்னியே?"

மறுபடியும் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"இதுக்கா இங்கிலீசு படிச்ச? எங்களுக்குத் தெரிஞ்சதுதான்லா. காண்டாவ ஏத்திட்டா கொட்டக வரைக்கும் எறக்கக் கூடாது. தோளு வலிச்சா நடந்துகிட்டே மாத்திக்கணும். நடக்குறப்ப ஒண்ணும் தெரியாது. எறக்கி ஏத்துறப்பதான் இடுப்பு போயிரும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அக்கா, இது வாளி விஷயம் இல்ல. நட்சத்திரம், ஒளி, அணு... பெரிய விஷயம்" என்றேன். "சரி சரி" என்றாள். வாசல்வரை வந்து, "துரைகிட்ட...?" என்று இழுத்தாள். நாளைக்கு என்றேன்.

அந்த நாளையும் போயிற்று. செவ்வாய்க்கிழமை மனசு உறுத்தல் தாங்காமல், நிறுக்கும் நேரத்துக்கு முன்னால் கொட்டகையை விட்டு இறங்கி, மேட்டுப் பாதையில் அவளை எதிர்கொள்ளப் போனேன். சிவப்பு மண் மழையில் ஊறி வழுக்கியது. வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். நடுவில் அக்கா, ஒரு கை வயிற்றில், ஒரு கை கம்பில், சின்னச் சின்ன எட்டாக, நிற்காமல் வந்தாள். முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

"எறக்கி வை. கொஞ்சம் உக்காந்துட்டுப் போ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு நொடி தயங்கினாள். தலையை ஆட்ட வருவதுபோல் இருந்தது. நான் குரலை உயர்த்தி, "சொல்றேன்ல, எறக்கு" என்றேன்.

"சரிங்கய்யா" என்று இறக்கி வைத்தாள்.

வேர் மேல் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். மழையில் குழைந்த மண்ணில் வாளிகள் அமுங்கியிருந்தன. குனிந்து, கம்பைத் தோளில் கொடுத்து, மூச்சைப் பிடித்து நிமிர்ந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். கிராணி காண்டாவைத் தொடுகிற வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. நான் தொடவில்லை. நிமிரும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கொட்டகைவரை நடந்தாள். வாளிகளைத் தராசில் மாட்டி எடை பார்த்தேன். அவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

பிள்ளை தங்கவில்லை.

மறுநாள் காலை துரையிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல், "சரி, மாற்றிக்கொள்" என்றார். பதினைந்து நாளாக நான் நடுங்கிய விஷயம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோனது. அப்போது அழ முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சஞ்சிகையை எடுத்தேன். கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் என்ற வரியின் கீழே என் பென்சில் இரண்டு கோடு போட்டிருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நான்தான்க்கா. எல்லாம் தெரிஞ்சுகிட்டே நான்தான் எறக்கச் சொன்னேன்" என்றேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"தம்பியா சொல்லியிருந்தா எறக்கியிருக்க மாட்டேன்டா" என்றாள். "போடா வேலையப் பாருன்னு நடந்திருப்பேன். நீ கிராணியால்ல சொன்ன."

அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.