புல்வெட்டி மெஷின் தள்ளிய சைக்கிள்

போன செவ்வாய்க்கிழமை காலை, அந்தமானில் எங்கள் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் காத்திருந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள்.

ஐம்பத்தாறு வயது ஆள் ஒருவர் சைக்கிளில் வருகிறார். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். சைக்கிள் நிற்கவில்லை. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, மீன்கூடையைத் தாண்டி, டிக்கெட் கவுன்டரைத் தாண்டி... ரிப்பேர் வேலைக்குக் கொட்டி வைத்திருந்த மணலில் போய்ப் புதைந்தது.

அந்த ஆள் நான்தான்.

பெரிய அடி இல்லை. முழங்கையில் கொஞ்சம் தோல் போயிற்று. தோல்தானே, வளர்ந்துவிடும்.

என் முழங்கால் வலியைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். வாசகர்கள் விதவிதமான எண்ணெய்களைச் சிபாரிசு செய்திருந்தீர்கள். நான்கைத் தேய்த்துப் பார்த்தேன். வாசனை நன்றாக இருந்தது.

போர்ட் பிளேர் டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார் — "சமதரையில் சைக்கிள் ஓட்டலாம், மேடு ஏறக் கூடாது." இந்தத் தீவில் சமதரைக்கு எங்கே போவது? ஊர்ப் பெயரில் மட்டும்தான் ஃப்ளாட் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பிழைப்பு குக்கர், கேஸ் ஸ்டவ் ரிப்பேர். பாம்பூஃப்ளாட்டில் கிளம்பி விம்பர்லிகஞ்ச் பக்கத்துக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றுவேன். கேரியரில் டூல் பெட்டி, கைப்பிடியில் மணி.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை இரவல் ஸ்கூட்டரில் போனேன். தொழில் படுத்துவிட்டது! காரணம் எளிது. என் மணி கேட்டதும் பெண்கள் அடுப்படிக்குப் போய், குக்கரை எடுத்து, கழுவி, வாசலுக்கு வருவார்கள். சைக்கிள் அதற்குச் சரியாக வாசலில் நிற்கும். ஸ்கூட்டரில் அதற்குள் நான் அடுத்த கிராமம் போயிருப்பேன்.

ஜூன் மழையில் விம்பர்லிகஞ்ச் மேட்டின் பாதியில் கால் மடங்க மறுத்தது. ரோட்டோரம் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். என் மனைவி தேவகி ஆட்டோ பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்ததும் பேசினாள்.

"இதோட போதும். தம்பி கடையில ஒரு மூலை தர்றானாம். ஸ்டூல் போட்டு உக்காந்து ரிப்பேர் பாருங்க."

அவள் தம்பிக்கு ஜெட்டி ரோட்டில் ஹார்டுவேர் கடை. நல்ல மனிதர். மூலையும் நல்ல மூலை, ஃபேன் உண்டு. எனக்குப் பயம் ஸ்டூலிடம்தான்.

பெஞ்சில் உட்கார முடியாமல்தான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பத்தொன்பது வயதில் சென்னையில் கப்பல் ஏறினேன். திக்லிபூரில் ரோடு போட்டேன், பாக்கு பறித்தேன், லாட்ஜுக்குப் பெயின்ட் அடித்தேன். பசி இருந்தது, மலேரியா இருந்தது... உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டும் இருந்ததில்லை.

"ஒரு மாசம் டைம் குடு" என்றேன்.

"எதுக்கு? கால் புதுசா முளைக்கவா?"

கால் முளைக்காது. ஆனால் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். மெயின்லேண்டில் யாரோ ஒருவர், சைக்கிளுக்குப் பின்னால் ஒற்றைச் சக்கர ட்ரெய்லர் மாட்டியிருந்தார். ட்ரெய்லரில் சின்ன இன்ஜின். இன்ஜின் அந்தச் சக்கரத்தைச் சுற்ற, ட்ரெய்லர் சைக்கிளைப் பின்னால் இருந்து தள்ளுகிறது. மேடு முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு நிதானமாக மிதிக்கலாம். வேண்டாத நாளில் கழற்றி வைக்கலாம். மேட்டுக்கு இன்ஜின், வீடுகளுக்கு மணி. வேறென்ன வேண்டும்?

பாக்குத் தோட்டக்காரர் ஒருவரிடம் கம்பி உடைந்த புல்வெட்டி மெஷின் கிடந்தது. அவர் வீட்டு ஸ்டவ்வைச் சரிசெய்து கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். இன்ஜின் நன்றாகவே இருந்தது. பழைய இரும்புக் கட்டிலின் சட்டம், குழந்தைகள் சைக்கிளின் சக்கரம் ஒன்று. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு காசிம் பாயிடம் போனேன்.

காசிம் பாய் டோங்கி இன்ஜின் மெக்கானிக். டோங்கி என்றால் எங்கள் ஊர் மீன்பிடிப் படகு. முப்பது வருஷமாக ஜெட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை.

"என்ன அண்ணே, காட்டை வெட்டப் போறீங்களா?"

"இல்ல பாய். சைக்கிளைத் தள்ளணும். பின்னாடி இருந்து."

வீடியோவைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு எதுக்கு வீடியோ? டோங்கியை என்ன முன்னாடி இருந்தா இழுக்குறோம்? எல்லாம் பின்னாடி தள்ளுறதுதான்."

வேறு ஊராக இருந்தால் இதை விளக்க அரை நாள் ஆகியிருக்கும். தீவுக்காரனுக்கு ஒரு நொடி.

வீடியோவில் இன்ஜினின் உருளை டயரை உரசியே சக்கரத்தைச் சுற்றும். "அரே, நம்ம மழைக்கு வழுக்கும்" என்று செயின் போட்டார். சைக்கிளின் பின்சக்கர அச்சை இரண்டு பக்கமும் கவ்வும்படி இரும்புக் கவட்டை வைத்தார். கைப்பிடியில் ஒரு லீவர் மாட்டினார். படகு இன்ஜினில் இருந்து கழற்றிய லீவர். எந்த இடத்தில் தள்ளி விடுகிறோமோ அந்த வேகத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

"பிடிச்சுக்கிட்டே இருக்க வேணாம் அண்ணே. கை வலிக்காது."

எவ்வளவு அக்கறை பாருங்கள்!

திங்கள்கிழமை மாலை விம்பர்லிகஞ்ச் மேட்டில் ஏறினேன். லீவரைத் தள்ளினேன். முதுகில் யாரோ உள்ளங்கை வைத்து "போ, போ" என்று தள்ளுவது போல இருந்தது. முழங்கால் சும்மா சுற்றியது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியாகச் சிரிக்கும் ஆளைப் பார்த்து ஒரு மாடு ஒதுங்கிப் போனது.

தேவகியிடம் அன்று சொல்லவில்லை. மறுநாள் காட்டிவிடலாம் என்று ஆசை. அவள் தினமும் காலை ஃபெர்ரியில் அக்கரைக்குத் தையல் கடை வேலைக்குப் போகிறவள். ஜெட்டியில் நிற்பாள். நான் கம்பீரமாக வந்து இறங்குவேன்... இப்படி ஒரு கனவு.

செவ்வாய்க்கிழமை வந்தேன். தூறல். தூரத்தில் அவளுடைய பச்சைக் குடை தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன்.

அங்கேதான் தப்பு. கை லீவரை விட்டுவிட்டது. லீவர் தன் இடத்தை விடவில்லை. பதற்றத்தில் இரண்டு கையும் பிரேக்குக்குப் போயின, லீவரைத் திருப்பத் தோன்றவில்லை. ஜெட்டிச் சரிவு, நனைந்த பிரேக், பின்னால் புல்வெட்டி முழுமூச்சில் தள்ளுகிறது. மீதியைத் தொடக்கத்திலேயே படித்துவிட்டீர்கள்.

மணலில் இருந்து எழுந்தபோது எதிரில் பச்சைக் குடை. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். எலும்பு எதுவும் போகவில்லை என்று தெரிந்த பிறகு கேட்டாள்.

"இதுக்குத்தான் ஒரு மாசமா?"

"சின்ன மிஸ்டேக்..."

"நாளைக்கே தம்பி கடைக்கு வர்றீங்கன்னு சாயங்காலம் சொல்லிடறேன்."

ஃபெர்ரி ஏறிப் போய்விட்டாள்.

காசிம் பாய் கொட்டகையில் இருந்து ஓடி வந்தார்.

"என்ன பாய், கையை எடுத்தா நிக்க வேணாமா?"

"கடல்ல யாரு அண்ணே நிறுத்துறா? ஆஃப் பண்ணா தண்ணியே பிடிச்சு நிறுத்திக்கும்" என்றார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ்... ரோடு பிடிக்காதுல்ல."

முப்பது வருஷம் தண்ணீரில் ஓடுவதற்கே செய்து பழகிய கை. படகுக்கு ஏது பிரேக்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் தொழிலே குக்கருக்கு சேஃப்டி வால்வு மாற்றுவது. வால்வு பார்க்காமல் ஒரு குக்கரைத் திருப்பிக் கொடுத்ததில்லை. என் சொந்த வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லையே!

அன்று நான் தொழிலுக்குப் போகவில்லை. புல்வெட்டியோடு வந்த பழைய விசை அவர் தகர டப்பாவில் கிடந்தது. விரலை எடுத்தால் தானாகத் திரும்பிவிடும் விசை. அதைக் கைப்பிடியில் மாட்டினோம். பிறகு காசிம் பாய் உள்ளே போய் ஒரு சிவப்புக் கயிறு எடுத்து வந்தார். படகு இன்ஜினில் வருவது. ஒரு முனை இன்ஜின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுபவர் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும்.

"இதை ஏன் பாய் முதல்லயே போடல?"

"எந்த டோங்கிக்காரனும் கட்டுறதில்ல அண்ணே. மறந்தே போச்சு."

சாயங்கால ஃபெர்ரிக்கு முன்பே நான் ஜெட்டியில் நின்றேன். தேவகி இறங்கி வந்தாள். கையில் போன். சரிவின் மேலே போய் இன்ஜினை ஓட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு முன்னால் விரலை எடுத்து, பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. இன்னொரு முறை வந்து கயிற்றை உருவினேன். இன்ஜின் செத்தது.

"இறங்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க காட்டினா எப்படி நம்புறது? நான் ஓட்டிப் பாக்கறேன்."

திக்லிபூரில் வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் கொடுத்ததும் இல்லை — அன்றுதான் அது உறைத்தது. சேலையை இடுப்பில் செருகினாள். சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். டர்ர்ர்... ஜெட்டி ரோட்டில் ஏறி, தம்பி கடையைத் தாண்டி, திரும்பியே பார்க்காமல் எங்கள் வீட்டு மேட்டில் மறைந்துபோனாள்.

ஜெட்டியில் நின்ற யாரோ கை தட்டினார்கள். காசிம் பாயாகத்தான் இருக்கும்.

நான் நடக்க ஆரம்பித்தேன். பாதி மேட்டில் போன் வந்தது.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன், ஸ்டூல் வேணாம்னு" என்றாள். மூச்சு வாங்கியது, மிதித்ததாலா சிரித்ததாலா தெரியவில்லை. "ஆனா காலையில ஜெட்டி வரைக்கும் வண்டி எனக்கு. அங்க வந்து வாங்கிட்டுப் போங்க. டீ போடவா? எங்க இருக்கீங்க?"

மேட்டில் இருந்தேன். தூறலில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷமாக.

டாக்டர் சைக்கிளில் மேடு ஏறக் கூடாது என்றுதான் சொன்னார். நடப்பதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.