முதல் வரிக் காரணம்
டல்லாஸ் பக்கம் சோபா, கட்டில் விற்கும் கம்பெனி ஒன்றில் பசீர் அகமதுவுக்கு டேட்டாபேஸ் வேலை. மேலப்பாளையத்துக்காரர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் வீடு கட்டும்போது தினமும் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தவர் என்று மனைவி ரசியா பேகம் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவர் 2005-இல் தயாரித்த ரிப்போர்ட்டே வம்பை இழுத்துவிட்டது. திரும்பி வரும் சாமான்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம் 'பேக்கிங் சரியில்லை' என்றது அது. புது டைரக்டர் சுந்தரராமன் பேக்கிங் பிரிவையே மூடிவிட முடிவெடுத்தார். அங்கே சூப்பர்வைசர் வேலுமணி. அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். வேலை போனால் பிரசவச் செலவைப் பார்க்கும் இன்சூரன்சும் போய்விடும்.

பசீர் உடனே ரிட்டர்ன் கவுண்ட்டருக்குப் போய் அரை நாள் நின்றார். அங்கே யாரும் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திரையில் காரணப் பட்டியல் வரும், முதல் வரி 'பேக்கிங் சரியில்லை'. என்டரைத் தட்டு, அடுத்த பெட்டி. மணிக்கு அறுபது பெட்டி முடிக்காவிட்டால் திட்டு விழும்; காரணத்தைத் தப்பாகப் போட்டால் கேட்க ஆளில்லை.

இதைப் போய்ச் சொன்னதற்குச் சுந்தரராமன், ஒரு வருஷத்து டேட்டா பொய்யா சொல்லும் என்று சிரித்து அனுப்பிவிட்டார். பசீருக்குச் சுருக்கென்றது. பசீர் நல்ல மனுஷன்தான், ஆனால் கை சும்மா இருக்காது. பட்டியலின் கடைசியில் யாரும் சீண்டாமல் கிடந்த 'நிர்வாக முடிவு', அதாவது மேலிடமே திருப்பச் சொன்னது, என்ற வரியைத் தூக்கி முதலில் வைத்தார்.

அடுத்த வாரம் மீட்டிங்கில் சுந்தரராமன் ரிப்போர்ட்டைப் புரட்டினார். எழுபத்தோரு சதவீதம் நிர்வாக முடிவு. பேக்கிங் பிரிவினர் ஒரே வாரத்தில் உத்தமர்களாகியிருந்தார்கள்.

"யாரு பசீர் இதெல்லாம் டிசைட் பண்ணது?" என்றார்.

பசீர் அவரைக் கவுண்ட்டருக்குக் கூட்டிப்போய், ஒரு மணி நேரம் நீங்களே உட்காருங்கள் என்றார். முதல் நாலு பெட்டியைச் சுந்தரராமன் பிரித்துப் பார்த்து, யோசித்து, சரியான காரணத்தைத் தேடிப் போட்டார். வெளியே சாமான் இறக்கக் காத்திருந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவது பெட்டியில் அவர் விரல் தானாக என்டரைத் தட்டியது. அப்புறம் தட்டிக்கொண்டே போனது.

பின்னால் நின்ற பசீர் பவ்யமாகக் கேட்டார்: "சார், இந்தக் கட்டிலையும் நீங்கதான் திருப்பி அனுப்பச் சொன்னீங்களா?"

சுந்தரராமன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"வேலுமணி டீமை நிறுத்துற லெட்டர் என் டேபிள்ல இருக்கு. நான் இன்னும் சைன் பண்ணல. கிழிச்சுப் போட்டுடுங்க," என்றார்.