அம்பாசடருக்கு ஏற்ற தெரு

போன வாரம் பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லில் பழைய கார் விற்கும் இடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மகளுக்கு ஓட்டிப் பழக ஒரு வண்டி வேண்டும். கிழட்டு அம்பாசடர் ஒன்றும், அதற்கு இருபது வயதாவது இளைய வெள்ளி நிறக் குட்டிக் கார் ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார். ஸ்வல்ப சவுண்டு வரும், அவ்ளோதான்" என்றார் விற்பவர். வாங்கப்போவது என்னவோ குட்டிக் காரைத்தான். ஆனால் அம்பாசடரின் கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை குப்பென்று அடிக்க, வந்த வேலையை மறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் அம்பாசடரும் நாலு கை மாறி வந்ததுதான். சாவியைத் திருப்பினால் இருமும், அதோடு சரி. இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால்தான் உயிர் வரும். அதனால் எங்கே போனாலும் தெரு சரிவாக இருக்கிறதா என்றுதான் அப்பா முதலில் பார்ப்பார். பெங்களூரில் மேடு பள்ளத்துக்கா பஞ்சம்! சரிவில் வீடு கட்டிய பாவத்துக்கு, தூரத்துச் சித்தப்பா ஒருவர் வாரம் தவறாமல் எங்களுக்குக் காபி கொடுத்தே ஓய்ந்துபோனார்.

விவேக் நகரில் இருந்த அத்தை வீடு மட்டும் சரிவே இல்லாத சமதளத் தெருவில். அப்பாவுக்கு ஒரே தங்கை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் சீரோடு, பஸ்ஸில்தான் போவோம். "கார்லயே போலாமேப்பா, அங்க தள்றதுக்கு ஆள் இருக்கே" என்று ஒருமுறை கேட்டேன். "பொண்ணு குடுத்த வீட்டுல போயி, வண்டியத் தள்ளுங்கன்னு நிக்கறதா? மானம் போயிடும்டா" என்றார்.

வேலைக்குச் சேர்ந்து நான் வாங்கிய முதல் காரும் பழசுதான், இந்த வெள்ளிக் காரின் ஜாதி. ஏசியைப் போட்டால் ஊதுபத்தி வாசனை வரும். முன்பு வைத்திருந்தவரின் பக்தி. சாவியைத் தொட்டாலே கிளம்பிவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, "அத்தை வீட்டுக்கு விடுடா" என்றார்.

அத்தை வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பெரிய வீட்டில் அப்போது அவளும் மாமாவும்தான் மிச்சம்.

"பழைய வண்டி இங்க வந்தா திரும்பக் கிளம்பாதும்மா. அதான் கொண்டு வர்றதில்ல. இது அப்படி இல்ல" என்றார் அப்பா பெருமையாக.

அத்தை அவரையே பார்த்தாள். "அதுக்காகவாண்ணா கார்ல வரல? தள்றதுக்கு இந்த வீட்டுல அப்போ ஒம்பது பேர் இருந்தாங்களே! எங்கண்ணன் கார்ல வருவாரு, வருவாருன்னு அத்தன பேர்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

அப்பா வேட்டி நுனியால் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த ஒன்பது பேர் யார் யார் என்று அம்பாசடருக்குள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மாமாவையும் அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் தெரியும். மற்ற ஆறு பேரின் பெயரை நான் கேட்டதே இல்லை.