பல் டாக்டரும் என் ராகுகாலமும்

எனக்குப் பல் டாக்டர் என்றால் பயம். ஐம்பத்து மூன்று வயதில், அலுவலகத்தில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள் இப்படிச் சொல்வது நன்றாக இருக்காதுதான். என்ன செய்ய, உண்மை அதுதான். எங்கள் வீடு பேட்டையில் இருக்கிறது. பக்கத்துப் பட்டறைகளில் காலையிலிருந்து இரும்பை ராவுகிற சத்தம் கேட்டபடி இருக்கும். அந்தச் சத்தத்திலேயே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து காப்பி குடிப்பேன். அதே சத்தம் கொஞ்சம் மெலிசாகப் பல் டாக்டரின் அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து வந்தால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா, "சும்மா பாத்துட்டு வந்திருவோம்லே" என்று சொல்லிப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வைத்தார். என் பயத்துக்கு அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொள்வேன். நாற்பது வருடமாக ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் முந்திரிக்கொத்தைக் கடித்தேன். பெயரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியும் இறுகிக் கிடக்கும். இடது கீழ்ப்பல்லில் ஒரு மூலை உடைந்துவிட்டது. அன்றிலிருந்து வலது பக்கமாகவே மென்றேன். மனைவி விடவில்லை. "இந்த வயசுல போன பல்லு திரும்பி மொளைக்குமா? இருக்கும்போதே போய்க் காட்டுங்க" என்று தினமும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவளுக்கு உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் ஒரு புதுச் சேலைகூட உடுத்த மாட்டாள். நான் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கேட்டேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். போனை எடுத்த பெண் உடனே, "வாங்க சார், அந்த நேரம் எப்பவும் சும்மாத்தான் கெடக்கும்" என்றாள்.

மனைவியிடம் போய் ரொம்பத் துணிச்சலாக, "வெள்ளிக்கிழமை போறேன்" என்றேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"ராகுகாலத்துலயா பல்லுக்குப் போகப் போறிய? வேண்டாம், வேற நேரம் கேளுங்க."

"நீ சொன்னா சரி" என்று நல்ல பிள்ளையாக ரத்து செய்தேன். அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி. அதற்கடுத்தது வியாழக்கிழமை இரண்டு மணி. ஒவ்வொரு முறையும் அவள் தடுத்தாள், நான் பெருந்தன்மையாக அடங்கிப் போனேன். இப்படி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வலி வந்தால் கிராம்புத் தைலம் இருந்தது. சமையலறை அலமாரியில் சின்னக் குப்பி. பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் மரத்துவிடும். குப்பி மட்டும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியானது. இவ்வளவா தடவினோம் என்று ஒருமுறை நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. மனைவி காலண்டர் பக்கமே திரும்பவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை ஏற்றினாள். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மணி பார்த்தேன். பத்து முப்பத்தைந்து, அசல் ராகுகாலம். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

கிளினிக்கில் வேறு யாருமே இல்லை. டாக்டர் இளம் பெண். ஊசி ஒரு நிமிடம் சுரீரென்றது, அவ்வளவுதான். சீழை எடுத்து மருந்து வைத்துவிட்டு, "வேர் உறுதியா இருக்கு. நாலு தடவை வாங்க, பல்லைக் காப்பாத்திரலாம்" என்றார். இதற்கா இத்தனை வருடம் நடுங்கினோம் என்று வெட்கமாக இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து இறங்கும்போது, கதவோரம் நின்றிருந்த மனைவி, "டாக்டர், அப்படியே எனக்கும் ஒரு பல்லப் பாத்துருங்களேன்" என்றாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு நாளா வலிக்கி?"

"ஒன்றரை வருசம் இருக்கும்."

"அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா. இப்ப எடுக்கத்தான் வேணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இவுகளக் காட்ட வரும்போது கூடவே காட்டிக்கலாம்னு இருந்தேன்."

எங்கள் வீடுகளில் பெண்கள் தங்களுக்கென்று தனியாக டாக்டரிடம் போவதில்லை. வீட்டுக்காரரின் காய்ச்சலையும் பிள்ளையின் இருமலையும் காட்டி முடித்து, எழுந்திருக்கும்போதுதான் "எனக்கும் இந்த முழங்கால்..." என்று ஆரம்பிப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான். இது தெரிந்தும், நான் எந்தப் பக்கம் மெல்லுகிறேன் என்று பார்த்தவன், எதிரே உட்கார்ந்து அவள் எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று பார்க்கவில்லை. நான் ரத்து செய்த ஒவ்வொரு தேதியிலும் அவளுடைய முறையும் சேர்ந்து ரத்தாகியிருக்கிறது. தைலம் எங்கே போனது என்று அப்போது புரிந்தது.

அடுத்த வாரம் அவள் பல்லை எடுத்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆட்டோவில் எனக்குப் பொறுக்கவில்லை. ராகுகாலம் பார்த்து நேரம் வாங்கியது, அவள் தடுப்பாள் என்று தெரிந்தே சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சொல்லிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, காலண்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் பஞ்சை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"இதச் சொல்லதுக்கும் நான் வாயத் தொறக்க முடியாத நேரமாத்தான் பாத்தியளாக்கும்" என்றாள்.