நம்ம ஐயன்

எங்கள் ஊரில் செத்தவர்கள் ‘நான்’ என்று சொல்லமாட்டார்கள். ‘நாங்க’ என்றுதான் சொல்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. இத்தனை வருஷம் கழிந்தும் இவளுக்கு என்ன இவ்வளவு ஆங்காரம் என்று கேட்பீர்கள்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டில் இருபது கூரை வீடுகள் உள்ள சிற்றூர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே பாறையில் ஒரு குழி உண்டு. கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாது. ஒருவர் செத்தால் பதினாறாம் நாள் உச்சிப்பொழுதில் அவர் கூடப் பிறந்தவள் சுரைக்குடுக்கையில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து, அவரை முறைசொல்லிக் கூப்பிட்டு, ‘போய்ச் சேந்துக்க’ என்று அந்தக் குழியில் கவிழ்க்கவேண்டும். அவ்வளவுதான், அந்த உயிர் உள்ளே இருக்கிற உயிர்களோடு கலந்துவிடும். கலந்த தண்ணீரைப் பிரிக்க முடியுமா? அப்படி எத்தனையோ தலைமுறை கலந்து ஒரே ஆளாகிப் போனதற்குக் ‘கூடுனவங்க’ என்று பேர். தண்ணீர் ஊற்றப்படாதவன் ஒத்தையாளாகக் காட்டில் அலைவான். அதைவிடக் கேவலம் எங்களுக்கு வேறு கிடையாது.

சாமை அறுத்து முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுனவங்க ஒரு ஆண்பிள்ளையின் மேல் இறங்கிப் பேசுவார்கள். யாரையும் முறைசொல்லிக் கூப்பிடமாட்டார்கள். எப்படிக் கூப்பிடுவது? உள்ளே இருக்கிற ஒருவருக்கு நான் மகள், இன்னொருவருக்குப் பேத்தி, வேறொருவருக்குக் கொழுந்தி. அதனால் எல்லோரும் அவர்களுக்குக் ‘கண்ணு’தான். அவர்கள் வாயில் வரக்கூடாத சொல் ஒன்று உண்டு. அது ‘நம்ம’. உயிரோடு இருக்கிறவரைப் பார்த்துக் கூடுனவங்க ‘நம்ம’ என்று சொல்லிவிட்டால், அவரையும் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஒரு பெரியம்மாவிடம் ‘நம்ம கஞ்சி’ என்று சொன்னார்களாம், தை பிறக்குமுன் அவள் போய்விட்டாளாம். அவளுக்கு அப்போதே எண்பது வயசு இருக்கும். அதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்குப் பதினாறு வயசில் என் ஐயன் மலைக்காய்ச்சலில் செத்தார். அப்பாவை நாங்கள் ஐயன் என்றுதான் சொல்வோம். சாவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணனைக் கூப்பிட்டு, ‘இவளத் தேவனூருக்கே குடுத்துரு, தட்டிக் கழிக்காதே’ என்றார். தேவனூர் நாட்டில் அவருடைய தங்கை, என் அத்தை, இருந்தாள். அவள் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. பலாப்பழம் சுமந்துகொண்டு எங்கள் ஊருக்கு வருவார், வந்தால் என்னைத் தவிர எல்லோரிடமும் பேசுவார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. பதினாறாம் நாள் ஐயனுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அந்த அத்தைதான்.

அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துக் கொல்லைக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு பலாமரம் யாருடைய எல்லையில் இருக்கிறது என்று ஐயனும் அவரும் இருபது வருஷம் முகம் பார்க்காதவர்கள். ‘உசுரோட இருந்தப்ப ஒரே பந்தியில உக்காரமாட்டாங்க, இப்ப ஒரே வாயில பேசோணும், பாவம்!’ என்று நானும் நங்கையாவும் அழுகைக்கு நடுவே சிரித்தோம். அண்ணன் மனைவியை நங்கையா என்போம். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றாவது பிரசவத்தோடு இடுப்பு போய்விட்டது. தண்ணீர் எடுப்பது, உரலில் குத்துவது, களை பறிப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் நான். நங்கையாவுக்குத் தலை வாரிவிடுவதும் நான்தான். மனம் கோணாமல்தான் செய்தேன். தேவனூர் போகிறவரைக்கும்தானே என்று செய்தேன்.

அந்த வருஷம் கூடுனவங்க முதல்முறையாக என் அண்ணன்மேல் இறங்கினார்கள். எங்களுக்கு எவ்வளவு பெருமை! ஒரு பெண்பிள்ளை ஊரை விட்டுப் போக அவர்கள் உத்தரவு வேண்டும். கேட்டார்கள். ‘இந்த வருசம் ஆவாது’ என்று வாக்கு வந்தது. நான் திகைத்துப்போனேன். சரி என்று சொன்ன ஐயன் உள்ளேதானே இருக்கிறார்? ஊர்ப் பெரியவர் எனக்கு விளக்கினார்: ‘ஒத்தையா இருந்தப்ப உங்கய்யன் சொன்னது வேற, கூடுன பொறகு சொல்றது வேற, சாமி. இப்ப அது எல்லாரோட வாக்குல்ல?’ நம்பினேன். பக்கத்துக் கொல்லைக்காரர்தான் உள்ளே போயும் ஐயனை எதிர்த்துப் பேசிக் கெடுக்கிறார் என்று முடிவு கட்டி, அவருடைய பலாமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினேன். அடுத்த வருஷமும் ‘ஆவாது’. அதற்கும் அந்த மரம்தான் வசை வாங்கியது. இப்போது நினைத்தால் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மூன்றாவது வருஷம் அத்தையும் அவள் மகனும் சேலையோடு வந்தார்கள். உலகச் சண்டைக்காலம், துணி கண்ணில் காண்பதே அரிது. அவர் மலையிறங்கிப் போய், இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிவந்த சேலை. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கட்டம். நங்கையா அதை என் தோளில் வைத்துப் பார்த்து, ‘உன்ற நெறத்துக்குன்னே நெய்ஞ்சிருக்குதடி’ என்றாள். என்னிடம் அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பேசினார். ‘இந்த வாட்டி ஒண்ணும் தடை வராது’ என்றார்.

பாறைக்குழி முன்னால் ஊரே நின்றது. அண்ணன் ஆடினான். ‘நாங்க வந்திருக்கோம்’ என்றான். பெரியவர் கேட்டார்: ‘இந்தப் புள்ளையத் தேவனூருக்கு அனுப்பலாமுங்களா?’

‘இந்த வருசமும் ஆவாது.’

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு நின்றவளுக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் குறுக்கே பேசும் வழக்கம் கிடையாது. பேசிவிட்டேன். ‘ஏனுங்க ஆவாது? ஐயன் சரீன்னுதானுங்களே சொன்னாரு!’

அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினான். ‘நம்ம ஐயன்தான் இப்ப வேண்டாங்கறாரு’ என்றான்.

 யாரோ ஒருத்தி, ‘ஐயோ, நம்மங்கறாங்களே, புள்ளைய எடுத்துக்கிட்டாங்களே!’ என்று மாரில் அடித்துக்கொண்டாள். அத்தை ஓடிவந்து மகன் கையைப் பிடித்து என் பக்கத்திலிருந்து இழுத்தாள். என்மேல் அவளுக்குப் பிரியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சாகப்போகிறவளை யார் மருமகளாகக் கூட்டிப்போவார்கள்? சேலையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டுவிட்டார்கள். அவர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டுமுறைதான்.

நானும் நம்பினேன். அதுதான் வேடிக்கை. ஐயன் கூப்பிட்டுவிட்டார், போகவேண்டியதுதான் என்று பாயில் படுத்துச் சாவுக்குக் காத்திருந்தேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். சாவு வரவில்லை, பசிதான் வந்தது. பத்தாம் நாள் எழுந்து சாமை குத்தினேன். அண்ணனின் மூத்த பெண்ணும் இரண்டாவது பையனும் வாசலில் மண்ணில் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதையில் அண்ணன் வருவதைப் பார்த்ததும் அவள் தம்பி காதில் சொன்னாள்: ‘டேய், எந்திரிடா, நம்ம ஐயன் வாராரு.’

உலக்கை கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. நம்ம ஐயன்! ஐயன் உள்ளே கலந்திருக்கிறார் என்றால், கூடுனவங்க அவரை வேறு ஒரு ஆளாக வைத்து ‘ஐயன் சொல்றாரு’ என்று ஏன் சொல்லவேண்டும்? என்னைப் பார்த்து ‘நம்ம ஐயன்’ என்று சொல்லக்கூடியவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் உண்டு. என்கூடப் பிறந்தவன். செத்தவர்கள் என்னை அழைக்கவே இல்லை. என் அண்ணன், உடன்பிறந்தவனாகவே வாய்தவறி, தன் குரலில் பேசியிருக்கிறான்.

நொண்டிக்கொண்டே போய் வழியில் மறித்தேன். ‘அன்னிக்குப் பேசினது ஆருண்ணா?’ என்றேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

‘நீ போயிட்டா இந்த ஊடு என்ன ஆவும் அம்முணி? அவளால குடம் தூக்க முடியுமா? மூணும் பச்சப்புள்ளைங்க. இன்னுங் கொஞ்ச நாளைக்கின்னுதான் நெனச்சேன்.’

‘மூணு வருசமும் நீதானா?’

‘சாமி வந்துச்சு. வராம இல்ல. உன்ற பேச்சு வாரப்ப மட்டும்...’ என்று இழுத்தான்.

‘செரி, நடந்தது நடந்துபோச்சு. ஊர்ல சொல்லு. வாய்தவறி நாந்தான் சொல்லிப்போட்டேன்னு சொல்லு. தேவனூருக்கு இன்னிக்கே ஆளனுப்பு.’

‘சொன்னா இனி எவன் நம்புவான்? செத்தவங்க வாக்க ஊரு யாருகிட்டப் போய்க் கேக்கும்?’

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்குப் பூசாரி ஒரே வயிற்றில் பிறந்தவனாக வாய்த்தான்.

நானே பெரியவரிடம் போனேன். அண்ணனும் கூடவே வந்தான். ‘நம்ம ஐயன்னு எனக்கு இவந்தானுங்க சொல்லமுடியும்’ என்றேன். பெரியவர் தாடியைத் தடவினார். ‘உங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு புள்ள பொறந்து, நடக்கற வயசுல செத்துச்சே கண்ணு. அதுக்கும் உங்கய்யன் ஐயன்தானே? உள்ள இருந்து அது சொல்லியிருக்குமில்ல?’ என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். பத்து எட்டு வைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒப்புக்கொண்டவன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், ‘ஆமாங்க, அதாத்தான் இருக்கும்’ என்றான். முகம் தெரியாத அந்தக் குழந்தையையும் எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்துவிட்டான். சண்டாளன். அன்றைக்கு என் வாயில் வந்த சொல் அதுதான், எழுதும்போதும் அதுதான் வருகிறது.

அவன்மேல் மட்டுமா கோபம்? குழியில் இருந்த என் ஐயன்மேலும்தான். மூன்று வருஷம் மகன் தன் பேரைச் சொல்லிப் புளுகியபோது, அத்தனை பேரோடு சேர்ந்து உள்ளே இருந்தாரே, ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? ‘நாங்க அப்படிச் சொல்லலை’ என்று ஒரு சத்தம் வந்ததா? குழித் தண்ணீரில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. பயம்தான்.

அடுத்த தையில் செம்மேட்டுச் சந்தையில் அந்தச் சேலையைப் பார்த்தேன். வாழைத்தார்களுக்கு நடுவே அத்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கட்டம். அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. அத்தை என்னைப் பார்த்துப் பேயைக் கண்டவள் மாதிரி, ‘நீ இன்னும் இருக்கியா சாமி?’ என்றாள். ‘இருக்கேன் அத்தை, என்ன பண்றது?’ என்றேன்.

அதே வீட்டில்தான் இருந்தேன். வேறு எங்கே போவது? பிள்ளைகள் என் காலைச் சுற்றியே வளர்ந்தார்கள். இப்போது நான் எழுதுகிற இந்த எழுத்தைப் பிற்பாடு எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அந்த மூத்த பெண்தான். அண்ணனோடு மட்டும் பேச்சு இல்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவேன், அவ்வளவுதான். நங்கையா, ‘சாமி வாக்குக்கு எதிர்வாக்கு உண்டா, மனச ஆத்திக்க’ என்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, அவளிடம் மட்டும் சிரித்துப் பேசினேன்.

வெள்ளைக்காரன் போனதற்கு மறுவருஷம் அண்ணனுக்கும் அதே மலைக்காய்ச்சல் வந்தது. ஆறே நாள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். குடுக்கையை என் கையில் கொடுத்து ஊர் விலகி நின்றது. நான் ஊற்றாவிட்டால் அவன் ஒத்தையாளாகக் காட்டில் அலையவேண்டியதுதான். எத்தனையோ நாள் அதை ஆசையோடு நினைத்திருக்கிறேன்.

குழியருகே நின்றேன். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கை சாயவில்லை. ‘கூப்பிடு கண்ணு, நேரமாவுது’ என்றார் பெரியவர். பிள்ளைகள் மூன்றும் என்னையே பார்த்தார்கள். அவனை வெளியே நிறுத்திவைத்தால் தப்பித்துக்கொள்வான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் அலைகிறவனை யார் கேள்வி கேட்பார்கள்? குழிக்குள் போனால் அந்தத் தண்ணீரில் அவன் எதை மறைக்க முடியும்?

‘அண்ணா’ என்று கூப்பிட்டேன். ஐந்து வருஷம் கழித்துக் கூப்பிடுகிறேன்.  ‘போய்ச் சேந்துக்க. நம்ம ஐயன் உள்ளதான் இருக்காரு. எங்கிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லு.’

குடுக்கையைக் கவிழ்த்தேன். ‘நம்ம’ என்று கேட்டதும் ஊரார் பயந்து இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். நங்கையா மட்டும் நகரவில்லை. பயப்படவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘ஆவாதுன்னு நாந்தான் சொல்லச் சொன்னேன், அம்முணி’ என்றாள்.